ஸ்டார் கிளப்பில் ஜெர்ரி லீ லூயிஸ்: அந்தச் சத்தமான பியானோவைப் பற்றி

ராக் அண்ட் ரோலில் நல்ல நேரடி நிகழ்ச்சிப் பதிவு எது என்று யார் பேச்செடுத்தாலும் நான் முதலில் சொல்வது ஒன்றைத்தான். 1964 ஏப்ரல் 5ஆம் தேதி ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில், ஸ்டார் கிளப் என்ற இரவு விடுதியில் ஜெர்ரி லீ லூயிஸ் என்ற அமெரிக்க ராக் அண்ட் ரோல் பாடகர் பியானோ வாசித்துப் பாடியது. மொத்தமே நாற்பது நிமிடத்துக்குள் முடிந்துவிடும். இதைவிடத் துல்லியமாகப் பதிவான ஆல்பங்கள் எத்தனையோ இருக்கின்றன, இதைவிட நன்றாக விற்றவையும் இருக்கின்றன, ஆனால் ஒரு மனிதன் தன்னிடம் இருப்பது எல்லாவற்றையும் எடுத்து மேடையில் கொட்டுவதை இவ்வளவு கிட்டத்தில் கேட்க வைக்கும் பதிவு எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

இதைப் புரிந்துகொள்ள அன்றைக்கு அவர் எந்த நிலைமையில் இருந்தார் என்று தெரிந்திருக்க வேண்டும். அதனால் கொஞ்சம் பின்னால் போய்விட்டு வருகிறேன்.

1935இல் லூசியானா மாநிலத்தில் ஃபெரிடே என்ற சின்ன ஊரில் பிறந்தவர். வசதியில்லாத குடும்பம். பையனுக்கு பியானோ வாங்கிக் கொடுக்க அப்பா எல்மோ தன் நிலத்தை அடமானம் வைத்தார். அந்த ஊரில் ஹேனிஸ் பிக் ஹவுஸ் என்று கறுப்பின மக்கள் கூடும் இசை விடுதி ஒன்று இருந்தது, வெள்ளைக்காரப் பையன்கள் போகிற இடம் இல்லை, ஆனாலும் இவர் எப்படியோ நுழைந்து, கறுப்பின மக்களின் ப்ளூஸ் இசையும், இடது கை தாளத்தை ஓயாமல் உருட்டும் பூகி-வூகி பியானோ பாணியும் கேட்டு வளர்ந்தார். இன்னொரு பக்கம் தேவாலயம். அசெம்பிளீஸ் ஆஃப் காட் சபை, கையைத் தட்டி, கத்தி, கண்ணீர்விட்டு வழிபடும் சபை. பிற்காலத்தில் தொலைக்காட்சிப் பிரசங்கியாகப் பெயர் வாங்கிய ஜிம்மி ஸ்வாகர்ட் இவருக்கு ஒன்றுவிட்ட சகோதரர்தான். டெக்ஸஸில் ஒரு வேதாகமக் கல்லூரியில் இவரைச் சேர்த்தார்கள், அங்கே பக்திப் பாட்டு ஒன்றைப் பூகி-வூகி பாணியில் வாசித்ததற்காக வெளியே அனுப்பிவிட்டார்கள்.

இந்த இரண்டுக்கும் நடுவே அவர் கடைசிவரை இழுபட்டுக்கொண்டே இருந்தார். 1957இல் மெம்ஃபிஸில் சன் என்ற இசைத்தட்டு நிறுவனத்தில் 'கிரேட் பால்ஸ் ஆஃப் ஃபயர்' பதிவாகும்போது நடந்த ஒரு வாக்குவாதம் டேப்பில் இருக்கிறது. இது உலகத்தின் பாட்டு, கடவுளுக்கு ஆகாதது என்று லூயிஸ் வாதாட, சன் நிறுவனத்தின் சாம் ஃபிலிப்ஸ் இல்லையப்பா, இதை வைத்தும் ஆத்துமாக்களைக் காப்பாற்றலாம் என்று சமாதானம் சொல்ல, இவர் தனக்குள்ளே பிசாசு இருக்கிறது என்று கத்துகிறார். விளம்பரத்துக்காகச் செய்தது இல்லை அது, குரலைக் கேட்டாலே தெரியும். அந்தப் பாட்டை வாசித்தால் நரகத்துக்குத்தான் போவோம் என்று மனதார நம்பிக்கொண்டே அதை வாசித்தவர்.

அப்புறம் நடந்தது பலருக்கும் தெரியும். 1957 ஜூலையில் ஸ்டீவ் ஆலன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் 'ஹோல் லாட்டா ஷேக்கின் கோயின் ஆன்' பாடி, உட்கார்ந்திருந்த ஸ்டூலைக் காலால் உதைத்துத் தள்ளி, ஒரே இரவில் நாடு முழுக்கத் தெரிந்த முகமானார். அடுத்த மே மாதம் இங்கிலாந்துக்குப் போனார். கூட வந்த மனைவி மைராவுக்கு வயது 13, அதுவும் நெருங்கிய உறவுக்காரப் பெண் என்று பத்திரிகைக்காரர்கள் கண்டுபிடித்து எழுத, மூன்றே நிகழ்ச்சிகளோடு பயணம் ரத்தானது. அமெரிக்காவிலும் வானொலிகள் அவரை ஒதுக்கின. ஒரு இரவுக்குப் பத்தாயிரம் டாலர் வாங்கியவர் 250 டாலருக்கு வாசிக்கும் நிலைக்கு வந்தார். 1962இல் மூன்று வயது மகன் நீச்சல் குளத்தில் மூழ்கி இறந்தான். அந்தத் தொலைக்காட்சி நிகழ்ச்சியின் நன்றிக்காக ஸ்டீவ் ஆலன் என்றே பெயர் வைத்திருந்த பிள்ளை.

அந்தத் திருமணத்தைப் பற்றி நான் பூசிமெழுக விரும்பவில்லை. அவருக்கு 22 வயது, அவளுக்கு 13. அது தவறு, அந்த ஊரில் அந்தக் காலத்தில் அப்படித்தான் என்று சிலர் சொல்லும் சமாதானம் எனக்கு ஒப்பவில்லை. 1970இல் மைரா மணமுறிவு கேட்டு வெளியேறினார். லூயிஸைப் பற்றி எழுதும் ரசிகர்கள் பலர் இந்தப் பகுதியை ஒரு சறுக்கல் மாதிரி தாண்டிப் போகிறார்கள், அந்தச் சின்னப் பெண்ணுக்கு நடந்ததைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. அந்த ஆளை நல்லவர் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. அந்த இரவில் அவர் வாசித்ததைத்தான் சொல்ல வருகிறேன்.

சரி, ஹாம்பர்க்.

ஸ்டார் கிளப் இருந்தது சாங்க்ட் பவுலி பகுதியில், க்ரோஸ ஃப்ரைஹைட் தெருவில். துறைமுகத்துக்குப் பக்கம், மாலுமிகளும் மதுக்கடைகளும் நிறைந்த வட்டாரம். மான்ஃப்ரெட் வைஸ்லெடர் என்பவர் 1962 ஏப்ரலில் திறந்தார், திறப்பு நாளிலேயே மேடையில் பீட்டில்ஸ். அப்போது அவர்கள் யாருக்கும் பெரிதாகத் தெரியாத லிவர்பூல் பையன்கள், அந்த வருடக் கடைசிவரை விட்டுவிட்டு வந்து அங்கே வாசித்தார்கள். இரவு முழுக்க வாசிக்க வேண்டும், கூட்டம் குடித்திருக்கும், சும்மா நின்று பாடினால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். அந்த மேடையில் பாடிப் பழகியவர்களுக்குத் தொண்டையும் தோளும் தானாக உரமாகிவிடும்.

1964 ஏப்ரல் 4 தேதியிட்ட பில்போர்ட் பட்டியலை எடுத்துப் பாருங்கள். அமெரிக்காவின் முதல் ஐந்து பாட்டும் பீட்டில்ஸ் பாட்டு. அதற்கு மறுநாள்தான், அதே பீட்டில்ஸ் கற்றுத்தேறிய மேடையில், அவர்கள் பாடிப் பெயர் வாங்கிய பாட்டுகளில் சிலவற்றையும் சேர்த்துக்கொண்டு, இந்த மனிதர் வாசிக்கிறார். அப்போது அவருக்கு வயது 28. அவர் காலத்து ஆட்கள் எல்லோரும் ஏறக்குறைய கலைந்துபோயிருந்தார்கள். பட்டி ஹாலி விமான விபத்தில் இறந்து ஐந்து வருடம், எல்விஸ் படங்களில் நடித்துக்கொண்டிருந்தார், சக் பெர்ரி சிறையிலிருந்து வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. புதுப் பையன்கள் வந்து வீட்டையே எடுத்துக்கொண்ட நேரத்தில், வீட்டுக்குப் பழைய சொந்தக்காரர் ஒருவர் வாசலில் நின்று குரல் கொடுப்பதைத்தான் நான் இந்த ஆல்பத்தில் கேட்கிறேன்.

கூட வாசித்தவர்கள் நாஷ்வில் டீன்ஸ். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், இங்கிலாந்தில் சர்ரே பக்கத்துப் பையன்கள், அதே வருடம் கொஞ்சம் பின்னால் 'டபாக்கோ ரோடு' பாட்டால் தெரிந்தவர்கள் ஆனார்கள். கிட்டார் ஜானி ஆலன், பேஸ் பீட் ஷானன், டிரம்ஸ் பேரி ஜென்கின்ஸ். ஜென்கின்ஸ் பிற்பாடு அனிமல்ஸ் குழுவில் சேர்ந்தார். இந்த மூன்று பேரும் அந்த இரவில் பட்டபாட்டைத் தனியாகக் கேட்க வேண்டும். லூயிஸ் எப்போது வேகம் எடுப்பார், எந்தச் சரணத்தில் பாட்டை விட்டுவிட்டு பியானோவில் இறங்குவார், எப்போது திடீரென்று சத்தத்தைக் குறைப்பார் என்று அவர்களுக்கே அந்த நொடிவரை தெரியாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. சரிவில் இறங்கும் தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறவர்கள் மாதிரி அவர்கள் கூடவே ஓடுகிறார்கள், கொஞ்சம் அசந்தால் சக்கரம் ஏறிவிடும். ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. பயிற்சி எடுத்துப் பக்குவமான குழுவோடு வாசித்திருந்தால் இதில் பாதிக் கொதிப்பு வந்திருக்காது என்று நினைக்கிறேன்.

முதல் பாட்டு 'மீன் வுமன் ப்ளூஸ்'. ஒரு வரி பாடுவார், குழு ஒரு அடி அடித்து நிற்கும், அடுத்த வரி பாடுவார், மறுபடி அடி. அந்த நிறுத்தங்களில் அவருடைய குரல் மட்டும் தனியாக நிற்கிறது, அந்த இடைவெளிக்குள்ளே கூட்டம் கத்துகிறது. அப்புறம் எல்லாம் சேர்ந்து உருளத் தொடங்கும்போது பியானோ முன்னால் வந்து நிற்கும் விதம் இருக்கிறதே, முதல் தடவை கேட்டபோது ஹெட்போனைக் கழற்றி ஒலியளவைச் சரிபார்த்தேன். பியானோ இவ்வளவு சத்தமாக இருக்கக்கூடாது. வழக்கமாக ராக் பதிவுகளில் கிட்டாருக்குப் பின்னால் எங்கேயோ கேட்கும் வாத்தியம் அது. இங்கே அதுதான் எல்லாவற்றுக்கும் மேலே.

இதற்குக் காரணம் பதிவு செய்த விதம். தயாரிப்பாளர் சிகி லோக், அப்போது இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த இளைஞர், ஃபிலிப்ஸ் என்ற ஐரோப்பிய நிறுவனத்துக்காக வேலை செய்தவர், சாம் ஃபிலிப்ஸுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. (பிற்காலத்தில் ஆக்ட் என்ற ஜாஸ் நிறுவனத்தைத் தொடங்கியவரும் இவர்தான்.) பெரிய ஏற்பாடு எதுவும் இல்லை. மைக்குகளை வாத்தியங்களுக்கு எவ்வளவு பக்கத்தில் வைக்க முடியுமோ அவ்வளவு பக்கத்தில் வைத்தார், கூட்டத்தின் சத்தத்தைப் பிடிக்க ஒரு ஸ்டீரியோ மைக், அவ்வளவுதான். அதனால் அரங்கத்தின் எதிரொலியில் கரையாமல் ஒவ்வொரு அடியும் நேராக வந்து விழுகிறது. சிலருக்கு இது ஒரே இரைச்சல், பியானோவைத் தூக்கி வைத்திருக்கிறார்கள் என்று குறை சொல்வார்கள். எனக்கு அந்தத் தூக்கல்தான் வேண்டும். இடது கை போடும் அந்த உருட்டல் தாளம், கட்டைகளில் மணிக்கணக்காக விழும் அந்த ஒரே மாதிரி இடி, அதைப் பக்கத்தில் வைத்து வேறு யாரும் இப்படிப் பதிவு செய்து நான் கேட்டதில்லை.

இடது கையைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். லூயிஸ் வாசிப்பதில் எல்லோரும் பார்ப்பது வலது கையைத்தான், கட்டைவிரலைப் படுக்கவைத்து ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை சரசரவென்று இழுக்கிறாரே, அது. பார்க்க நன்றாக இருக்கும். காலைத் தூக்கிக் கட்டைமேல் வைப்பதும் ஸ்டூலை உதைப்பதும் அந்த வகைதான். ஆனால் பதிவில் எதையும் பார்க்க முடியாதே, காது மட்டும்தான், அப்போது தெரிகிறது வண்டியை இழுப்பது இடது கை என்று. வலது கை எங்கே போனாலும், அவர் பாட்டை நிறுத்திக் கூட்டத்தோடு பேசினாலும், அது ஓயாது. பேஸ் கிட்டாரும் டிரம்ஸும் செய்ய வேண்டிய வேலையை அந்த ஒரு கையே செய்துவிடுகிறது, அதனால்தான் யாரோ மூன்று பேரைக் கொடுத்தாலும் அவரால் இப்படி வாசிக்க முடிந்தது.

'ஹை ஸ்கூல் கான்ஃபிடென்ஷியல்' இரண்டாவது. இது 1958இல் அவருக்கு வந்த வெற்றிப்பாட்டு, அந்த இங்கிலாந்து விவகாரம் வெடித்த அதே நேரத்தில் வெளிவந்து அதோடு சேர்ந்து அடிபட்ட பாட்டு. ஆறு வருடம் கழித்து அதை எடுத்து இப்படிக் கிழிக்கிறார். ஸ்டுடியோ பதிவு துள்ளலாக, இளமையாக இருக்கும். ஹாம்பர்க்கில் அதில் கோபம் ஏறியிருக்கிறது. அடுத்து 'மனி', பீட்டில்ஸ் அதற்கு முந்தைய நவம்பரில்தான் தங்கள் இரண்டாவது ஆல்பத்தில் பாடியிருந்தார்கள். பிறகு 'மேட்ச்பாக்ஸ்', சன் நிறுவனத்தின் இன்னொரு பாடகரான கார்ல் பெர்கின்ஸ் பாட்டு. இதில் ஒரு சுவையான சங்கதி, 1956 டிசம்பர் 4ஆம் தேதி சன் ஸ்டுடியோவில் பெர்கின்ஸ் அந்தப் பாட்டைப் பதிவு செய்தபோது பியானோ வாசித்தவர் இதே லூயிஸ்தான், அப்போது அவர் புதிதாக வந்த பையன், பெயர் தெரியாதவர். அதே நாளில்தான் எல்விஸ் எதேச்சையாக அங்கே வந்து எல்லோரும் பியானோவைச் சுற்றி நின்று பாடியது. பீட்டில்ஸும் அந்தப் பாட்டை எடுத்தார்கள். ஹாம்பர்க்கில் அதைப் பாடும்போது அவருக்கு அந்த உரிமை இருந்தது, கேட்டாலே தெரியும்.

இசைத்தட்டின் முதல் பக்கத்தின் கடைசியில் ரே சார்ல்ஸின் 'வாட்'ட் ஐ சே'. சரிவுக்காலத்தில் லூயிஸுக்குக் கிடைத்த ஒரே ஓரளவு நல்ல வெற்றி 1961இல் இந்தப் பாட்டுதான். பாடகர் கேட்க, கூட்டம் பதில் சொல்ல வேண்டிய பாட்டு, மூலத்திலேயே தேவாலயத்து வாசனை உள்ளது. ஃபெரிடே சபையில் வளர்ந்தவருக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஹாம்பர்க் கூட்டமும் சளைக்கவில்லை. பாட்டுகளுக்கு நடுவே ஜெர்ரி ஜெர்ரி என்று தாளம் போட்டுக் கூவுகிறார்களே, அந்தக் கூவலை வெட்டி எறியாமல் விட்டதற்கே சிகி லோக்குக்கு நன்றி சொல்லலாம். அது இல்லாமல் அடுத்த பாட்டின் முதல் அடி இப்படி விழாது.

இரண்டாம் பக்கத்தில் 'கிரேட் பால்ஸ் ஆஃப் ஃபயர்' இரண்டு நிமிடம்கூட இல்லை. அவருடைய பெயரோடு ஒட்டிப்போன பாட்டு, அதை வைத்து நீட்டி முழக்கியிருக்கலாம், செய்யவில்லை, வந்ததும் தெரியாமல் போனதும் தெரியாமல் முடித்துவிட்டு லிட்டில் ரிச்சர்டின் 'குட் கோலி மிஸ் மோலி'க்குப் போய்விடுகிறார். 'ஹவுண்ட் டாக்', 'லாங் டால் சாலி' என்று எல்விஸ், லிட்டில் ரிச்சர்ட் எல்லோர் பாட்டையும் வரிசையாக எடுத்துப் பாடுவதில் ஒரு செய்தி இருக்கிறது, இவை எல்லாம் யார் பாடினாலும் என்னைப் போல வராது என்பது. 'லூயிஸ் பூகி' அவரே எழுதியது, இதைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை, ஓடும் ஓட்டத்தில் அதுவும் ஓடுகிறது.

ஆனால் நடுவில் ஒரு இடம் இருக்கிறது. 'யுவர் சீட்டின் ஹார்ட்'. ஹாங்க் வில்லியம்ஸின் சோகப்பாட்டு, லூயிஸ் சின்ன வயதிலிருந்து வணங்கிய ஆள் அவர். ராக் அண்ட் ரோலுக்காகக் கத்திக்கொண்டிருக்கும் ஜெர்மன் கூட்டத்தின் முன்னால், வேகம் உச்சத்தில் இருக்கும்போது, கன்ட்ரி என்கிற அமெரிக்க நாட்டுப்புற பாணிப் பாட்டு ஒன்றைப் போட யாருக்கு மனம் வரும். குரலில் அந்த லூசியானா இழுப்பு முழுசாக வருகிறது, வரிகளின் கடைசியில் குரலை உடைத்து மேலே தூக்குகிறார், வலது கை மதுக்கடைப் பியானோ மாதிரி சின்னச் சின்ன அலங்காரங்கள் போடுகிறது. நாலு வருடம் கழித்து, 1968இல், அவர் மறுபடி எழுந்து வந்தது கன்ட்ரி பாடகராகத்தான், 'அனதர் பிளேஸ், அனதர் டைம்' பாட்டோடு. அந்தப் பாதை ஹாம்பர்க்கிலேயே கேட்கிறது. இந்த ஒரு பாட்டை வேகமான பாட்டுகளுக்கு நடுவே கிடைத்த ஓய்வு என்று எழுதுகிறவர்கள் உண்டு, எனக்கு அதுதான் ஆல்பத்தின் இதயம். மற்ற பாட்டுகளில் எல்லோரையும் தோற்கடிக்கப் பார்ப்பவர் இதில் யாரோடும் போட்டி போடவில்லை.

கடைசிப் பாட்டு 'ஹோல் லாட்டா ஷேக்கின்'. நடுவில் சத்தத்தை அடக்கி, பேச்சும் பாட்டுமாக அடிக்குரலில் கூட்டத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, அப்புறம் திறந்துவிடுகிறார். தினமும் செய்த வித்தைதான். ஆனால் இத்தனை பாட்டுக்கும் பிறகு, அந்தக் குரலில் பிசிறு ஏறிய பிறகு, அந்த அடக்கத்தில் மேல்மூச்சு வாங்குவதுகூடக் கேட்கிற மாதிரி இருக்கிறது.

இவ்வளவு நல்ல பதிவு அமெரிக்காவில் வெகுகாலம் வெளிவரவே இல்லை, சட்டச் சிக்கல்கள். அவருடைய அமெரிக்க நிறுவனமான ஸ்மாஷ் அதே வருடம் ஜூலையில் அலபாமாவில் பர்மிங்ஹாம் நகரில் ஒரு நிகழ்ச்சியைப் பதிவு செய்து வெளியிட்டது. அதுவும் நல்ல ஆல்பம்தான், பெரிய அரங்கம், பெரிய கூட்டம், அவரும் உற்சாகமாக இருக்கிறார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் வித்தியாசம் தெரியும். பர்மிங்ஹாமில் அவர் தன்னை விரும்பும் ஆட்களுக்கு நடுவே நிகழ்ச்சி நடத்துகிறார். ஹாம்பர்க்கில் அதற்கெல்லாம் நேரம் இல்லாதவர் மாதிரி வாசிக்கிறார். பல வருடம் ஐரோப்பிய இசைத்தட்டாகவே கைமாறிக்கொண்டிருந்த இந்தப் பதிவை அமெரிக்க விமர்சகர்கள் பிற்பாடுதான் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள்.

ஸ்டார் கிளப் 1969 டிசம்பர் 31ஆம் தேதியோடு மூடப்பட்டது. லூயிஸ் 2022 அக்டோபர் 28ஆம் தேதி இறந்தார், வயது 87. தன் தலைமுறையில் சீக்கிரம் செத்துவிடுவார் என்று எல்லோரும் நினைத்த ஆள், சக் பெர்ரி, லிட்டில் ரிச்சர்ட் எல்லோரும் போன பிறகும் இருந்தார்.

கேட்கப் போகிறவர்களுக்கு ஒன்று இரண்டு. பாட்டுகளைக் கலைத்துப் போட்டுக் கேட்காதீர்கள், இசைத்தட்டில் இருந்த வரிசையிலேயே கேளுங்கள், 'யுவர் சீட்டின் ஹார்ட்' அந்த இடத்தில் வந்தால்தான் அது. அந்த இரவில் வாசித்த 'டவுன் தி லைன்' முதல் இசைத்தட்டில் இல்லை, பிற்பாடு வந்த பதிப்புகளில் சேர்த்திருக்கிறார்கள், அது இருக்கும் பதிப்பு கிடைத்தால் நல்லது. ஃபோன் ஸ்பீக்கரில் வேண்டவே வேண்டாம், இடது கை காணாமல் போய்விடும். கொஞ்சம் பேஸ் உள்ள ஸ்பீக்கரில், பக்கத்து வீட்டுக்காரர்கள் வெளியே போயிருக்கும் நேரமாகப் பார்த்து, சத்தமாக வையுங்கள்.